ஒலியே எழுப்பாத வாட்டர் கூலிங் பம்ப் ஓடுகிறதா என்று உறுதிசெய்வது எப்படி?

வாட்டர் கூலிங் (பிராசசரின் வெப்பத்தைப் பம்ப் தள்ளும் நீர் வழியாக, விசிறி பொருத்திய ரேடியேட்டருக்குக் கொண்டுசென்று ஆற்றும் முறை) பொருத்திய கணினியை முதன்முறை இயக்குபவர்களுக்கு எழும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றுதான். விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது. பம்ப் மூடிய உறைக்குள் இருக்கிறது, நல்ல பம்ப் என்றால் காதுக்கும் எட்டுவதில்லை. அது ஓடுகிறதா, இல்லையா? இதே கேள்வியோடு நான் தேடியபோது கிடைத்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. விளக்கு எரிந்தால் ஓடுகிறது என்றார்கள். கையை வைத்தால் அதிர வேண்டும் என்றார்கள். ஒரு குழாய் சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால்தான் சரி என்றார்கள். இவற்றில் முதலாவது சான்றே அல்ல, இரண்டாவது பாதி உண்மை, மூன்றாவது நேர்மாறானது. பல மாலைகளைச் செலவழித்து நான் தெளிந்துகொண்ட வரிசையை இங்கே தருகிறேன். தனியாக எந்த ஓர் அறிகுறியையும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். வேக அளவு, வெப்பநிலை ஏறி இறங்கும் விதம், குழாய்களின் சூடு ஆகிய மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் அது பதில்.

இந்தச் சோதனைகளுக்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. தேவையான மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுவதையும் நிதானமாகச் செய்ய ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிராசசரின் மேல் அமர்ந்து அதன் வெப்பத்தை நீருக்குக் கடத்தும் வாட்டர் பிளாக்கைக் கழற்றிப் பார்க்க நேர்ந்தால் மட்டும், இரண்டுக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் புதிதாக ஒன்றும், பழையதைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வேண்டும். கழற்றியபின் பழைய பேஸ்ட்டையே வைத்து மீண்டும் பொருத்தக் கூடாது என்பதால், இவை கையில் இல்லாமல் திருகாணியைத் தொடாதீர்கள்.

1. மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்று முதலில் கண்டறியுங்கள்

கணினியை அணைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பம்பிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வயரையும் அதன் முனைவரை பின்தொடருங்கள். கையேட்டின் படத்தைப் பக்கத்திலேயே திறந்துவைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒவ்வொரு மாதிரியிலும் ஏற்பாடு வேறு. சிலவற்றில் பம்ப் தன் மின்சாரம் முழுவதையும் மதர்போர்டின் நான்கு முனை இணைப்பிலிருந்தே பெறுகிறது. வேறு சிலவற்றில் மின்சாரம் சாட்டா இணைப்பு வழியாகப் பவர் சப்ளையிலிருந்து வருகிறது. அவற்றில் மதர்போர்டுக்குச் செல்லும் மெல்லிய வயர் வேகத்தைத் தெரிவிக்க மட்டுமே பயன்படுகிறது. இரண்டாவது வகையில் சாட்டா வயரை விட்டுவிட்டால், மதர்போர்டில் எல்லாம் பொருந்தியிருப்பதுபோல் தோன்றினாலும் பம்ப் ஓடாது.

விசிறி இணைப்பின் நான்கு முனைகளில் முதலாவது தரை இணைப்பு, இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது வேகத் தகவல், நான்காவது பிடபிள்யூஎம் (மின்துடிப்புகளால் வேகத்தை மாற்றும்) கட்டுப்பாடு. வேகத் தகவல் மூன்றாவது முனையில் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒரே இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வயர்களில் ஒரு கிளைக்கு மட்டுமே இந்த மூன்றாவது முனை இருக்கும். பம்ப் மற்றொரு கிளையில் மாட்டப்பட்டிருந்தால், அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் சுழியம் காட்டும், அல்லது பம்பின் பெயரில் விசிறியின் வேகத்தைக் காட்டும். ஆகவே ஸ்பிளிட்டர் இருந்தால் அதை நீக்கிவிட்டுப் பம்பை நேரடியாக மதர்போர்டில் மாட்டுங்கள்.

வாட்டர் பிளாக்கின் மேலுள்ள வண்ண விளக்கு எரிவது பம்ப் ஓடுவதற்குச் சான்று அல்ல. விளக்குக்கும் மோட்டாருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் வந்தாலும், மோட்டார் சிக்கி நின்ற நிலையிலும் விளக்கு அழகாக எரிந்துகொண்டுதான் இருக்கும்.

2. பயாஸில் இரண்டு எண்களைப் பாருங்கள்

கணினியை இயக்கி, இயங்குதளத்துக்குள் போகாமல் பயாஸ் திரைக்கு, அதாவது மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரைக்குச் செல்லுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பிராசசரின் வெப்பநிலை. பயாஸில் பிராசசர் முழு ஓய்வு நிலைக்குப் போவதில்லை என்பதால், இயங்குதளத்தில் சும்மா இருக்கும்போது காட்டுவதைவிட இங்கே சில டிகிரி கூடுதலாகவே காட்டும். 40 முதல் 50 வரை இருந்தால் கவலை வேண்டாம். எண் எவ்வளவு என்பதைவிட அது நிற்கிறதா என்பதையே கவனியுங்கள். ஐந்து நிமிடங்கள் அப்படியே விட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் நிலைத்தால் அடுத்த படிக்குப் போகலாம். 60, 70, 80 என்று நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிட்டு முதல் படிக்குத் திரும்புங்கள். இன்றைய பிராசசர்கள் வெப்ப எல்லையைத் தொட்டவுடன் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மிஞ்சினால் கணினியையே அணைத்துவிடும். எனவே இந்தச் சில நிமிடங்களில் எதுவும் எரிந்துபோகாது, பதற வேண்டாம்.

இரண்டாவது எண் பம்பின் வேகம். மதர்போர்டில் பம்புக்கென்றே ஓர் இணைப்பு இருந்தால் அதற்கு நேரே ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) அளவு தெரியும். பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒரே தொகுப்பாக மூடி வரும் சிறிய ஒருங்கிணைந்த கூலர்கள் பலவற்றில் இது 2000-க்கும் 3000-க்கும் இடைப்பட்டிருக்கும். தனியாகக் கட்டும் அமைப்புகளில் பயன்படும் டி5 வகைப் பம்ப் 4800 வரை செல்லும். உங்கள் மாதிரிக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும், அதனோடுதான் ஒப்பிட வேண்டும்.

பிராசசர் விசிறிக்கான இணைப்பில் எதுவும் மாட்டப்படாவிட்டால், கணினி இயங்கத் தொடங்கும்போதே விசிறிப் பிழை என்று எச்சரித்து நிற்கும் மதர்போர்டுகள் உண்டு. இந்த எச்சரிக்கையைப் பயாஸில் முடக்கிவிடுவதுதான் பரவலான பழக்கம். என் கருத்தில் அது தவறான சிக்கனம். ரேடியேட்டர் விசிறியையோ பம்பின் வேக வயரையோ அந்த இணைப்பில் மாட்டி எச்சரிக்கையை உயிருடன் வைத்திருங்கள். பம்பின் வயர் அங்கே இருந்தால், பின்னாளில் ஒருநாள் பம்ப் நின்றுபோகும்போது முதலில் சொல்லப்போவது அந்த எச்சரிக்கைதான்.

பயாஸை விட்டு வெளியேறும் முன் பம்ப் இணைப்பின் கட்டுப்பாட்டு முறையையும் பாருங்கள். மூன்று முனைப் பம்பை விசிறிக்கான தானியங்கி முறையில் விட்டால், பிராசசர் குளிர்ந்திருக்கும்போது மதர்போர்டு 12 வோல்ட்டைப் பாதியாகக் குறைத்துவிடும். அந்த மின்னழுத்தத்தில் சில பம்புகள் திணறும், சில தொடங்கவே செய்யாது. கையேடு வேறு விதமாகச் சொல்லாதவரை முழு வேகம் என்ற அமைப்பையே தேர்ந்தெடுங்கள்.

3. வேகத்தை மாற்றிப் பார்த்து, எண் உண்மையா என்று சோதியுங்கள்

இயங்குதளத்தில் எச்டபிள்யூ இன்ஃபோ அல்லது லிப்ரே ஹார்டுவேர் மானிட்டரைத் திறந்தால் எல்லா வேக அளவுகளும் ஒரே பட்டியலில் வரும். லினக்ஸில் சென்சார்ஸ் என்ற கட்டளை போதும். யுஎஸ்பி வழியாகத் தகவல் தரும் கூலர் என்றால் தயாரிப்பாளரின் மென்பொருளில்தான் பம்பின் வேகம் தெரியும். இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் அந்த யுஎஸ்பி கருவியைப் படிக்க முயன்றால் அளவுகள் தாறுமாறாகும், ஆகவே ஒன்றை மூடிவிடுங்கள்.

திரையில் 2400 என்று ஓர் எண் அசையாமல் நிற்பதைவிட, நீங்கள் மாற்றும்போது அது மாறுவதே வலுவான சான்று. வேகத்தை 100 விழுக்காட்டிலிருந்து 70-க்குக் குறையுங்கள். எண் சில நொடிகளில் இறங்கி, திரும்ப உயர்த்தியதும் ஏறினால், அது பம்பின் எண்தான், மோட்டாரும் கட்டளைக்குப் பணிகிறது என்று கொள்ளலாம். எண் அசையவில்லை என்றால் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள், நிலையான வேகத்தில் மட்டுமே ஓடும் பம்புகளும் இருக்கின்றன.

ஆனால் மோட்டார் சுற்றுவதும் நீர் ஓடுவதும் ஒன்றல்ல. பம்புக்குள் காற்று சிக்கியிருந்தால் சுமை குறைந்து வேகம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே காட்டும், நீரோ நகராது. பிளாக்கின் நுண்ணிய செப்புத் தடங்கள் படிவால் அடைபட்டாலும் ஆர்பிஎம் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். இதனால்தான் அடுத்த படியைத் தவிர்க்க முடியாது.

4. வெப்பநிலை ஏறி இறங்கும் விதத்தைப் பதிவுசெய்யுங்கள்

எல்லாச் சோதனைகளிலும் இதையே நான் அதிகம் நம்புகிறேன். கணினியைப் பத்து நிமிடங்கள் சும்மா விடுங்கள். எச்டபிள்யூ இன்ஃபோவில் பதிவைத் தொடங்கி, பிராசசரின் வெப்பநிலை, அது எடுக்கும் வாட் அளவு, பம்பின் வேகம் ஆகியவை இரண்டு நொடிக்கு ஒருமுறை கோப்பில் சேரும்படி அமையுங்கள். பிறகு சினிபெஞ்ச் அல்லது ஓசிசிடி போன்ற சுமைச் சோதனை மென்பொருள் ஒன்றால் பிராசசரின் எல்லாக் கோர்களுக்கும் இருபது நிமிடங்கள் சுமை கொடுங்கள். சுமையை நிறுத்தியபின் மேலும் ஐந்து நிமிடங்கள் பதிவு ஓடட்டும். பலர் சுமை முடிந்ததும் பதிவையும் நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் பாதி விடை தொலைந்துபோகிறது.

பம்ப் நன்றாக ஓடும் கணினியில், சுமை தொடங்கிய ஓரிரு நொடிகளில் வெப்பநிலை ஒரு துள்ளல் துள்ளும். அதன்பின் நீர் மெல்லச் சூடாவதற்கேற்ப நிமிடத்துக்கு ஓரிரு டிகிரியாக உயர்ந்து, பத்து இருபது நிமிடங்களில் சமதளமாகும். சுமையை நிறுத்தியதும் அதே வேகத்தில் துள்ளிக் கீழே விழும். தொடக்க நிலைக்குச் சில டிகிரி மேலே நின்று, மீதியை நீர் ஆறும் வேகத்தில் கடக்கும்.

பம்ப் நின்றிருந்தால் வரைகோடு வேறு. தொடக்கத் துள்ளலுக்குப் பிறகு சமதளமே வராது. எல்லையைத் தொடும்வரை ஏறிக்கொண்டே இருக்கும். காரணம் எளிது. பிளாக்குக்குள் 50 மில்லிலிட்டர் நீர் தேங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 1 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 210 ஜூல் போதும், 100 வாட் பிராசசர் அதை இரண்டு நொடிகளில் கொடுத்துவிடுகிறது. செப்புத் தகடும் சிறிது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் என்றாலும், நிமிடத்துக்கு 20 டிகிரி என்ற அளவில் ஏற்றம் இருப்பதைப் பதிவிலேயே காணலாம். அதைவிடத் தெளிவான அடையாளம் இறங்கும்போது தெரியும்: சுமையை நிறுத்தினாலும் தேங்கிய வெந்நீர் அங்கேயே இருப்பதால், வெப்பநிலை 70, 60 என்று பல நிமிடங்கள் எடுத்துத் தயங்கித் தயங்கி இறங்கும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, பம்ப் மீது வீண்பழி விழுவது பெரும்பாலும் இதனால்தான். சுமை தொடங்கிய கணமே 95 அல்லது 100-ஐத் தொட்டு, சுமை நின்ற கணமே 40-க்கு விழுந்தால், நீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வெப்பம் நீரைச் சென்றடையும் வழியில்தான் கோளாறு. பிளாக்கின் அடியிலுள்ள பாதுகாப்புப் படலம் உரிக்கப்படாமல் இருக்கலாம், திருகாணிகள் சமமாக இறுகாமல் இருக்கலாம், பிளாக்கை மதர்போர்டில் பிடித்துவைக்கும் தாங்கி உங்கள் பிராசசருக்கு உரியதல்லாததாக இருக்கலாம்.

எந்த எண்ணில் அஞ்ச வேண்டும் என்பது பிராசசரைப் பொறுத்தது. இன்டெல்லின் டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. ரைசன் 7000 வரிசையின் உயர்நிலைப் பிராசசர்கள் முழுச் சுமையில் 95 டிகிரியிலேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. அங்கே 95 என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பம்ப் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அத்தகைய நிலையில் வாட் அளவைப் பாருங்கள். ரைசன் 9 7950எக்ஸ் 95 டிகிரியில் 200 வாட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தால் கூலர் தன் வேலையைச் செய்கிறது. அதே 95 டிகிரியில் சில பத்து வாட் மட்டுமே எடுத்து, கடிகார வேகமும் சரிந்திருந்தால், வெப்பம் வெளியேறவில்லை என்று பொருள்.

5. கையாலும் காதாலும் சரிபாருங்கள்

சுமை பத்து நிமிடங்கள் ஓடியபின், இரண்டு குழாய்களையும் பிளாக்குக்கு அருகில் ஒரே நேரத்தில் இரு விரல்களால் தொட்டுப் பாருங்கள். சுற்றும் விசிறி இதழ்களிலிருந்து கையைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை இங்கேதான் பலரை ஏமாற்றுகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் ஓடும் அமைப்பில் 200 வாட் வெப்பம் அந்த நீரின் சூட்டை 3 டிகிரிக்கும் குறைவாகவே உயர்த்துகிறது. விரலுக்கு அந்த வேறுபாடு ஏறக்குறையத் தெரியாது. ஆகவே இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருப்பதே நல்ல அறிகுறி. ஒன்று கை வைக்க முடியாத சூட்டிலும் மற்றது அறையின் குளிர்ச்சியிலும் இருந்தால் நீர் நகரவில்லை, அல்லது மிகவும் மெதுவாக நகர்கிறது.

ரேடியேட்டரிலிருந்து வெளிவரும் காற்றையும் உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். பிராசசர் 90 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது ரேடியேட்டர் காற்று குளிர்ந்தே வந்தால், அந்த வெப்பம் ரேடியேட்டரை எட்டவே இல்லை.

காதுக்கான சோதனைக்கு முதலில் எல்லா விசிறிகளையும் ஒரு நிமிடம் மிகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். நீளமான பிளாஸ்டிக் பேனா ஒன்றின் ஒரு முனையைப் பிளாக்கின் மேல்மூடியில் லேசாக வைத்து, மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொள்ளுங்கள். திருப்புளியும் இதற்குப் பயன்படும் என்பார்கள். இயங்கும் மதர்போர்டின் மேல் உலோகத்தை நீட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல பம்பில் ஒரே சீரான மெல்லிய ரீங்காரம் கேட்கும். சலசலப்பும் குமிழோசையும் காற்றைக் காட்டுகின்றன, முதல் நாளில் இவை இயல்பு. சில நொடிகளுக்கு ஒருமுறை டிக் என்று கேட்டு அடங்கினால், மோட்டார் தொடங்க முயன்று தோற்கிறது. எதுவுமே கேட்கவில்லை என்றால், பேனாவை எடுக்காமல் இன்னொருவரை விட்டுக் கணினியை அணைக்கச் சொல்லுங்கள். தொடர்ந்து ஒலிக்கும்போது புலப்படாத ரீங்காரம், நிற்கும் கணத்தில் புலப்படும். பம்பை ரேடியேட்டரிலோ குழாயின் நடுவிலோ வைத்த மாதிரிகளும் இருக்கின்றன, அவற்றில் பிளாக்கைத் தொட்டுக் கேட்பதில் பயனில்லை.

6. நீங்களே கட்டிய அமைப்பு என்றால்

இங்கே நீரைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதால் வேலை எளிது. முதல் விதி: நீரின்றி பம்பை ஒரு நொடியும் ஓட்டாதீர்கள், அதன் மோட்டார் சுழலும் பேரிங்குகளுக்கு மசகும் குளிர்ச்சியும் அந்த நீர்தான். நீர்த்தொட்டியை நிரப்பி, பம்பைச் சில நொடிகள் ஓட்டி நிறுத்தி, மட்டம் குறைந்ததும் மீண்டும் நிரப்பி என்று படிப்படியாகச் செல்லுங்கள். இந்தக் கட்டத்தில் பம்புக்கு மட்டும் மின்சாரம் போக வேண்டும். மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் மின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை இயக்க, அதன் 24 முனை இணைப்பில் மாட்டும் ஜம்பர் பிளக்கைப் பயன்படுத்துங்கள். இணைப்புகளின் அடியில் வெள்ளைத் தாளை விரித்துவைத்துப் பல மணி நேரம் ஓட்டினால், கசிவு இருக்கிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

டி5 வகைப் பம்புகள் மின்சாரத்தைப் பவர் சப்ளையிலிருந்து நேரடியாக எடுக்கின்றன, மதர்போர்டுக்கு வருவது வேகத் தகவலும் கட்டுப்பாடும் மட்டுமே. ஓட்டம் இருக்கிறதா என்பதற்குத் தொட்டிக்குள் நீர் திரும்பிவரும் துளையைப் பாருங்கள்: நுண்குமிழ்கள் அங்கிருந்து சுழன்று பரவும். முழுவதும் காற்று நீங்கியபின் குமிழ்கள் இருக்காது, பார்வைக்கு நீர் உறைந்து நிற்பதுபோலவே தோன்றும். அதற்காகவே சுழலும் சக்கரம் கொண்ட ஓட்டங்காட்டி ஒன்றைத் தொடக்கத்திலேயே வாங்கி இணைத்துவிடுவது நல்லது. மொத்தச் செலவில் அது சிறு பகுதி; பிறகு சேர்க்க நினைத்தால் நீர் முழுவதையும் வடிக்க வேண்டியிருக்கும். பம்பை நிறுத்தும்போது தொட்டியின் மட்டம் சட்டென்று உயர்ந்தால், எங்கோ இன்னும் காற்று அடைபட்டிருக்கிறது.

7. ஓட்டம் இல்லை என்று தெரிந்தால், திருப்பி அனுப்பும் முன்

ரேடியேட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூடிய அமைப்பிலும் சிறிது காற்று இருக்கும், அது எப்போதும் மிக உயர்ந்த இடத்தைத் தேடிச் செல்லும். ரேடியேட்டரைக் கேபினட்டின் அடியில் பொருத்தினால் அந்த உயர்ந்த இடம் பம்பாகிவிடும். ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருந்தாக வேண்டும். கேபினட்டின் மேற்கூரையில் பொருத்துவது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. சரியான இடத்துக்கு மாற்றியபின் பம்பை முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, நான்காம் படியை மீண்டும் செய்யுங்கள். பம்பை வேறொரு மதர்போர்டு இணைப்புக்கும், சாட்டா வயரை வேறொரு முனைக்கும் மாற்றிப் பார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும். இதைச் செய்தீர்களா என்றுதான் எந்தச் சேவை மையமும் முதலில் கேட்கும்.

8. உத்தரவாதத்துக்கான ஆவணங்கள்

கடையின் மாற்றித்தரும் காலமும் தயாரிப்பாளரின் உத்தரவாதக் காலமும் வேறுவேறு. முன்னது நாள் கணக்கு, பின்னது ஆண்டுக் கணக்கு. முன்னதில் பழுது கண்டால் புதிய பொருள் விரைவில் கைக்கு வரும். பின்னதில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும், அனுப்பும் செலவும் உங்கள் தலையில் விழலாம். எனவே மேற்சொன்ன சோதனைகளைப் பொருத்திய அன்றே செய்துவிடுங்கள்.

அனுப்பும் முன் திரட்ட வேண்டியவை: வாங்கிய ரசீது, தொடர் எண் ஒட்டியிருக்கும் இடத்தின் தெளிவான படம், பயாஸில் பம்பின் வேகத்தைக் காட்டும் படம், நான்காம் படியில் சேமித்த பதிவுக் கோப்பு, வெப்பநிலையும் பம்பின் வேகமும் ஒரே சட்டத்தில் தெரியும் ஒரு சிறு காணொளி. தொடர் எண் ரேடியேட்டரின் உள்பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தால் பொருத்தியபின் படம் எடுக்க முடியாது, ஆகவே பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே எடுத்துவையுங்கள். பிளாக்கைக் கழற்றும்போது இருபக்கமும் பேஸ்ட் பரவியிருக்கும் விதத்தையும் படமெடுங்கள்; தொடர்பு சரியாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று. பிளாக்கின் மூடியைத் திறந்தோ குழாயைப் பிடுங்கியோ பார்க்காதீர்கள், உத்தரவாதம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

தாங்கிகள், திருகாணிகள் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டுமா, கூலரை மட்டும் அனுப்பினால் போதுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மாற்றுக் கூலர் வரும்வரை கணினியை நம்பி இருப்பவர் என்றால், விலை குறைந்த ஏர் கூலர் ஒன்றைக் கையில் வைத்திருப்பது வீண்செலவு அல்ல. புதியது வந்ததும் நான்காம் படியைத் திரும்பச் செய்து, அந்தப் பதிவுக் கோப்பைத் தேதியோடு சேமித்துவையுங்கள். ஓராண்டு கழித்து அறையின் வெப்பம் ஏறத்தாழ அதே அளவில் இருக்கும் ஒரு நாளில் மீண்டும் பதிவுசெய்து இரண்டையும் ஒப்பிட்டால், பம்ப் மெல்ல வலுவிழந்து வருவது அது முற்றிலும் நிற்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.